கிம் பாசிபிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்னி சேனலில் 2002 முதல் 2007 வரை ஒளிபரப்பான ‘கிம் பாசிபிள்’ கார்ட்டூன் தொடரைப் பற்றி, புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களும் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று யோசிக்கும் பெற்றோர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். 2005 படத்தையும் கடைசி அத்தியாயத்தையும் பற்றிய பதில்களில் கதையின் முடிவு வெளிப்படும். அதைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அந்தப் பகுதிகளைத் தாண்டிப் போய்விடலாம்.

கதை எதைப் பற்றியது?

அமெரிக்காவில் மிடில்டன் என்றொரு கற்பனை ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள் கிம். பள்ளியின் சியர்லீடர் குழுவுக்குத் தலைவி. அம்மா மூளை அறுவை மருத்துவர், அப்பா ராக்கெட் விஞ்ஞானி. ஜிம், டிம் என்று இரட்டைத் தம்பிகள். தங்களுக்குள் மட்டும் விளங்கும் ஒரு பாஷையில் பேசிக்கொண்டு வீட்டிலேயே வெடி வைத்துப் பார்ப்பவர்கள். வகுப்பு நடக்கும்போதோ சாப்பாட்டு மேசையிலோ அவளுடைய கையடக்கக் கருவி நான்கு ஸ்வரங்களில் ஒலிக்கும். “வாட்ஸ் த சிட்ச்?” (என்ன நிலவரம்?) என்று கேட்டபடி அதை எடுப்பாள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒரு பைத்தியக்கார விஞ்ஞானி எதையோ திருடியிருப்பான். கிம் கிளம்பிவிடுவாள்.

ஒவ்வொரு அத்தியாயத்திலும் இரண்டு கதைகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்று உலகத்தைக் காப்பாற்றும் கதை, மற்றொன்று பள்ளிக்கூடக் கதை. பார்க்கும் பிள்ளைக்கு இரண்டாவது கதைதான் அதிகக் கவலை தரும். முதல் அத்தியாயமான ‘கிரஷ்’ இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ராட்சத இயந்திரங்களுக்கு எதிரே நின்று சண்டை போடுகிறவள், ஜோஷ் மாங்கி என்ற பையனை நடன விழாவுக்கு அழைக்க வாய் வராமல் உளறிக் கொட்டுகிறாள். இரண்டாம் சீசனில் ‘பிளஷ்’ என்ற அத்தியாயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஓர் அரிய மலரின் சாறு பட்டதால், கிம் வெட்கப்படும் ஒவ்வொரு முறையும் அவள் உடலில் கொஞ்சம் மறைந்துபோகிறது. முழுக்க மறைந்தால் திரும்ப வரவே முடியாது. அன்றைக்குத்தான் அவள் ஜோஷோடு வெளியே போயிருக்கிறாள். வெட்கத்தால் செத்துவிடலாம் போலிருக்கிறது என்று பதினைந்து வயதில் எல்லாரும் நினைத்திருப்போம். அந்த நினைப்பை அப்படியே ஒரு சாகசக் கதையாக மாற்றியிருக்கிறார்கள்.

கிம் உண்மையிலேயே ரகசிய உளவாளியா?

உளவாளிக் கதைகளின் சாமான்கள் எல்லாம் அவளிடம் இருக்கின்றன. கொக்கிக் கயிற்றைச் சுடும் தலைமுடி உலர்த்தி, எதையும் அறுக்கும் உதட்டுச்சாயக் குப்பி, பாராசூட்டாக விரியும் முதுகுப்பை. ஆனால் ரகசியம் மட்டும் கிடையாது. முகமூடி இல்லை, மாற்றுப் பெயர் இல்லை. அவள் என்ன செய்கிறாள் என்பது பெற்றோருக்குத் தெரியும், ஆசிரியர்களுக்குத் தெரியும், வில்லன்களுக்கும் தெரியும். உதவி வேண்டுமென்றால் யாரும் எழுதலாம் என்று சொந்தப் பெயரிலேயே இணையதளம் நடத்துகிறாள்.

இந்தத் தொடரில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுதான். இரட்டை வாழ்க்கை, பொய், மறைப்பு என்று ஓடும் வழக்கமான சிறுவர் சாகசக் கதைகளில் பாதி நேரம் ரகசியத்தைக் காப்பாற்றுவதிலேயே போய்விடும். இங்கே அந்தச் சுமை இல்லை. உலகத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று அப்பாவும் சொல்லிவிடுகிறார்.

முறையான உளவு அமைப்பும் கதையில் உண்டு. அதன் பெயர் குளோபல் ஜஸ்டிஸ். கண்ணில் பட்டை கட்டிய டாக்டர் டைரக்டர் என்ற பெண் அதன் தலைவி. ‘நம்பர் ஒன்’ என்ற அத்தியாயத்தில் அந்த அமைப்பின் தலைசிறந்த இளம் உளவாளி வில் டூவோடு கிம் சேர்ந்து வேலை செய்ய வேண்டி வருகிறது. பயிற்சி, அடையாள அட்டை, விலையுயர்ந்த கருவிகள் எல்லாம் உள்ள அவன், கிம்மை அனுபவமில்லாதவள் என்று ஒதுக்குகிறான். சம்பளமும் பதவியும் இல்லாத கிம்முக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தி, அவள் எப்படிப்பட்டவள் என்பதை அந்த ஒரே அத்தியாயத்தில் விளங்க வைத்துவிடுகிறார்கள்.

அமைப்பின் பின்பலம் இல்லையென்றால் உலகம் முழுக்க எப்படிப் போய் வருகிறாள்?

இந்தக் கேள்விக்குத் தொடர் தரும் பதில்தான் என்னைக் கட்டிப்போட்டது. ஏறக்குறைய ஒவ்வொரு பயணத்திலும் சில விநாடிகளே நீடிக்கும் ஒரு காட்சி வரும். கிம்மும் எப்போதும் கூடவே வரும் அவள் நண்பன் ரானும் ஒரு சரக்கு விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ மீன்பிடிப் படகிலோ உட்கார்ந்திருப்பார்கள். “ஏற்றிக்கொண்டதற்கு நன்றி” என்பாள் கிம். “நீ அன்றைக்குச் செய்த உதவிக்கு இதுகூடச் செய்யமாட்டேனா?” என்று ஓட்டுகிறவர் அந்தப் பழைய ஆபத்தை விவரிப்பார். வெள்ளத்தில் சிக்கியது, பனிச்சரிவில் மாட்டியது, இப்படி ஏதோ ஒன்று. “அது பெரிய விஷயமே இல்லை” என்று கிம் அதை ஒதுக்கிவிட்டு, தான் அப்போது செய்த ஏதோ ஒரு சின்ன வேலையைச் சாதாரணமாகச் சொல்வாள். கேட்பவருக்கு அந்தச் சின்ன வேலைதான் மலைப்பாக இருக்கும்.

இந்த ஓட்டுநர்களில் பலர் மறுபடி வரவே மாட்டார்கள். அவர்களைக் காப்பாற்றிய கதைகளை நாம் பார்த்ததும் இல்லை. ஆனாலும், திரைக்கு வெளியே அவள் எத்தனை பேருக்கு உதவியிருக்கிறாள் என்பது மனத்தில் பதிந்துவிடுகிறது. கேட்டு வாங்கிய கைம்மாறு ஒன்றுகூட இல்லை. எல்லாம் தானாக வந்தவை. பணத்தாலும் அதிகாரத்தாலும் நகரும் உளவாளிகளுக்கு நடுவே, செய்த நன்மைகளாலேயே உலகத்தைச் சுற்றி வரும் ஒரு பெண்ணைக் குழந்தைகளுக்குக் காட்டியிருக்கிறார்கள். அதை ஒரு வாக்கியத்தில்கூட உபதேசமாகச் சொல்லவில்லை.

இந்த வேலையை எப்படித் தொடங்கினாள்?

ஒரு தவறான அழைப்பால். குழந்தை பார்த்துக்கொள்வது, புல் வெட்டுவது போன்ற கைச்செலவு வேலைகளுக்காகக் கிம் இணையதளம் தொடங்கியிருந்தாள். தன் மாளிகையின் லேசர் காவலில் தானே சிக்கிக்கொண்ட ஒரு பணக்காரர், ‘டீம் இம்பாசிபிள்’ என்ற தொழில்முறைக் குழுவை அழைக்கப் பார்த்து, தடுமாறிக் கிம்மை அழைத்துவிட்டார். அவள் போனாள், சியர்லீடர் பயிற்சியில் கற்ற உடல் வளைவுகளால் லேசர் கதிர்களைத் தாண்டினாள், அவரை மீட்டாள். அந்த டீம் இம்பாசிபிள் பின்னாளில் வந்து, எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறாயே என்று சண்டை பிடிப்பதும் உண்டு. இலவசமாகக் காப்பாற்ற ஒருத்தி இருக்கும்போது யார் காசு கொடுப்பார்கள் என்பது அவர்கள் கவலை.

உருவாக்கியவர்கள் யார்?

மார்க் மெக்கார்க்கிள், பாப் ஸ்கூலி இருவரும். நெடுங்காலம் சேர்ந்தே எழுதிய இணை. இதற்கு முன் டிஸ்னிக்காக ‘டாய் ஸ்டோரி’ படத்தில் வரும் பஸ் லைட்இயர் பாத்திரத்தை வைத்து விண்வெளிக் காவல் தொடர் ஒன்றை உருவாக்கியவர்கள். மின்தூக்கியில் போய்க்கொண்டிருந்தபோது மெக்கார்க்கிள், “கிம் பாசிபிள்: அவளால் எதையும் செய்ய முடியும்” என்றாராம். உடனே ஸ்கூலி, “அவளுடைய கூட்டாளி ரான் ஸ்டாப்பபிள்: அவனால் முடியாது” என்றாராம். இருவரும் பேட்டிகளில் சொன்ன கதை இது. தொடரின் முழு அமைப்பும் அந்த இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது.

கிம்முக்குக் குரல் கொடுத்தவர் கிறிஸ்டி கார்ல்சன் ரொமானோ. ரானுக்கு வில் ஃப்ரீடில். இவர்கள் இருவரின் வேகமான பேச்சுத்தான் தொடரின் தாளம். வசனங்களுக்கு நடுவே மூச்சுவிடும் இடமே இருக்காது, இருந்தும் ஒரு சொல்கூடத் தவறாது.

ரான் எதற்கு? அவன் தொல்லையாகத்தானே இருக்கிறான்?

முதல் சில அத்தியாயங்களைப் பார்த்தவர்கள் பலரும் இதைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கால்சட்டை கழன்று விழும். குரங்கைக் கண்டால் நடுங்குவான். எந்த இடத்தில் எந்தப் பொத்தானை அழுத்தக் கூடாதோ அதை அழுத்துவான். வில்லனான டாக்டர் டிராக்கனுக்கு அவன் பெயரே நினைவிருக்காது. ஆண்டுக்கணக்கில் சந்தித்தும் ‘அந்தக் கோமாளி’ என்பதைத் தாண்டமாட்டான்.

கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். கிம்மும் ரானும் மழலையர் பள்ளியிலிருந்தே நண்பர்கள். அவளுக்கு இருக்கும் திறமையில் பத்தில் ஒரு பங்குகூட அவனிடம் இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கூடவே போகிறான். பயமே இல்லாதவள் ஆபத்தில் குதிப்பது ஒரு வகை. பயந்து நடுங்குகிறவன், இவள் போகிறாளே என்பதற்காகப் பின்னாலேயே குதிப்பது வேறு வகை. எது கடினமானது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அவளுடைய வெற்றியின் காரணமே ரானாக இருக்குமோ என்று குளோபல் ஜஸ்டிஸ் அவனைக் கூட்டிப்போய் ஆராய்வதாக ஓர் அத்தியாயமே உண்டு.

அவனுக்குச் சாப்பாட்டு விஷயத்தில் ஓர் உலகப் புகழும் இருக்கிறது. ப்வேனோ நாச்சோ என்ற மெக்சிகன் துரித உணவுக் கடைதான் அவனுடைய கோயில். டாக்கோவுக்குள் நாச்சோவைத் திணித்து ‘நாக்கோ’ என்ற பண்டத்தைக் கண்டுபிடிக்கிறான். அந்த நிறுவனம் அதற்கான உரிமைத்தொகையாக 9 கோடியே 90 லட்சம் டாலரை அவன் கையில் கொடுக்கிறது. பணம் வந்ததும் ரான் எப்படி மாறுகிறான், அது எப்படிக் கை நழுவுகிறது என்பதை ‘ரான் மில்லியனேர்’ அத்தியாயத்தில் பாருங்கள்.

ரானின் சட்டைப்பையில் இருப்பது என்ன பிராணி? நிஜத்தில் உண்டா?

உண்டு. ரூஃபஸ் ஒரு ரோமமற்ற துன்னெலி. ரானின் அப்பாவுக்கு ரோமம் ஒவ்வாமை. அதனால் ரோமமே இல்லாத வளர்ப்புப் பிராணியைத் தேடி இதை வாங்கினான். குரல் நான்சி கார்ட்ரைட், பார்ட் சிம்ப்சனுக்குக் குரல் கொடுக்கும் அதே கலைஞர். முழு வாக்கியம் பேசாமல் கீச்சுக் குரலில் ஓரிரு சொற்களாலேயே ஒரு முழுப் பாத்திரத்தை நிறுத்தியிருக்கிறார்.

உண்மையான ரோமமற்ற துன்னெலிகள் எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா நாடுகளின் வறண்ட நிலத்தில் மண்ணுக்கடியில் வாழ்கின்றன. தேனீக்களைப் போல ஒரு கூட்டத்துக்கு ஒரே ராணி. அவள் மட்டுமே குட்டி போடுவாள், மற்றவை வேலைக்காரர்கள். பார்வை மிகக் குறைவு. முன்பற்கள் உதட்டுக்கு வெளியே இருப்பதால் வாய்க்குள் மண் போகாமல் சுரங்கம் தோண்ட முடியும். எலி அளவே உள்ள மற்ற பிராணிகள் சில ஆண்டுகளில் இறந்துவிட, இவை 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்கின்றன. புற்றுநோய் மிக அரிதாகவே வருகிறது. ஆக்சிஜன் சுத்தமாக இல்லாத இடத்தில் 18 நிமிடம் வரை தாக்குப்பிடித்ததை 2017-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. ரூஃபஸ் எந்தப் பெட்டிக்குள் அடைபட்டாலும் உயிரோடு வெளியே வருவது கார்ட்டூன் மிகைதான். ஆனால் அதற்கு இந்தப் பிராணியைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமாக அமைந்துவிட்டது. தொடரைப் பார்த்த கையோடு பிள்ளைக்கு நிஜத் துன்னெலியின் படத்தையும் காட்டுங்கள். முதலில் முகம் சுளிக்கும், பிறகு விடாமல் கேள்வி கேட்கும்.

வேட் ஏன் அறையை விட்டு வருவதே இல்லை?

வேட், கிம்முக்கு உதவும் பத்து வயது மேதை. தன் அறையில் உட்கார்ந்தபடியே கணினிகளால் உலகத்தையே துழாவுகிறான், கிம்மின் கருவிகளைச் செய்து அனுப்புகிறான். திரையில் பார்க்கும் முகமாகவே பெரும்பாலும் வருவதால், அவன் நேரில் வரும் அபூர்வமான அத்தியாயங்களில் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள்.

வில்லன்களில் யார் முக்கியமானவர்கள்?

நீலத் தோல் டாக்டர் டிராக்கன்தான் முதல் எதிரி. இயற்பெயர் ட்ரூ லிப்ஸ்கி. கிம்மின் அப்பாவோடு கல்லூரியில் படித்தவன். நடன விழாவுக்குத் துணை கிடைக்காமல் இயந்திரப் பெண்களைச் செய்து கொண்டுவந்து, நண்பர்கள் சிரித்ததால் படிப்பையே விட்டவன். மகன் வானொலியில் பேசும் மருத்துவர் என்று அவன் அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள்; அந்த நம்பிக்கையைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. இப்படி ஒருவனை முழுமனத்தோடு வெறுக்க முடியுமா? கல்லூரி நண்பர்கள் சிரித்த அவமானத்தை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும் மனிதன் என்று புரிந்துவிட்டால், அவனுடைய உலகாளும் திட்டங்கள் எல்லாம் வேறு மாதிரி தெரியும்.

அவனிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவள் ஷீகோ. பச்சையும் கறுப்புமான உடை, கைகளில் பச்சைத் தீ, நாக்கில் அதைவிடக் கூர்மை. குரல் நிக்கோல் சல்லிவன். சண்டையில் கிம்முக்குச் சமமான ஒரே ஆள். ‘கோ டீம்’ அத்தியாயத்தில் அவளுடைய முன்கதை வருகிறது. சிறுவயதில் மர வீட்டில் வால்நட்சத்திரம் விழுந்ததால் சகோதரர்களோடு சேர்ந்து சக்தி பெற்றவள். நல்லவர்கள் குழுவில் இருந்தவள். தீமையோடு போராடப் போராட, தீமையே தேவலை என்று தோன்றிவிட்டது என்கிறாள். அதற்கு மேல் விளக்கமும் இல்லை, அழுகையும் இல்லை. ‘ஸ்டாப் டீம் கோ’ அத்தியாயத்தில் ஓர் இயந்திரத்தின் விளைவால் ஷீகோ கொஞ்ச காலம் நல்லவளாகி, கிம்முக்கு அக்கா மாதிரி ஆகிறாள். இருவரும் கடையில் துணி வாங்குவதையும் சினிமாவுக்குப் போவதையும் பார்க்கும்போது, வேறு விதமாக நடந்திருந்தால் இவர்கள் எவ்வளவு நல்ல தோழிகளாக இருந்திருப்பார்கள் என்ற ஏக்கம் வந்துவிடும். இயந்திரத்தின் விளைவு நீங்கியதும் கிம்மின் முகத்தில் தெரியும் இழப்பு, குழந்தைகள் தொடரில் அரிதாகக் காணக்கூடியது.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொழுது போகாமல் வில்லனாகும் கோடீசுவரர் சென்யோர் சீனியர் சீனியர். இவருக்கு ரிக்கார்டோ மொன்டல்பான் குரல் கொடுத்தார். பாப் பாடகராக வேண்டும் என்று அலையும் அவருடைய மகன் ஜூனியர். கைகளையும் கால்களையும் குரங்கினுடையவையாக மாற்றிக்கொண்ட ஆங்கிலேயப் பிரபு மங்கி ஃபிஸ்ட். வெடிக்கும் கோல்ஃப் பந்துகளோடு திரியும் டஃப் கில்லிகன்.

வரைகலை ஏன் மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிகிறது?

பாத்திரங்களை வடிவமைத்தவர் ஸ்டீஃபன் சில்வர். கூர்மையான முக்கோணங்கள், நீண்ட வளைவுகள், பெரிய கண்கள். நிழலுருவத்தை மட்டும் காட்டினாலே யார் என்று சொல்லிவிடலாம். பின்னணிகள் 1960-களின் உளவாளிப் படங்களின் அலங்காரத்தை நினைவூட்டும். வில்லனின் குகைக்குள்கூட நாற்காலிகள் நேர்த்தியாக இருக்கும். நிறங்கள் தட்டையாக, துணிச்சலாகப் பூசப்பட்டவை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பழையதாகத் தெரியாததற்கு இந்தத் துணிச்சலே காரணம். முகப்புப் பாடலைப் பாடியவர் கிறிஸ்டினா மிலியன். கருவியின் நான்கு ஸ்வர அழைப்பொலி அந்தப் பாடலோடு பின்னியிருப்பதைக் கவனித்துக் கேளுங்கள்.

தொடர் முடிந்து, பிறகு மறுபடி வந்ததாகச் சொல்கிறார்களே?

உண்மை. அந்தக் காலத்தில் டிஸ்னி சேனல் பெரும்பாலான தொடர்களை 65 அத்தியாயங்களோடு நிறுத்திவிடும். வாரநாட்களில் தினமும் ஒன்றாக மறுஒளிபரப்பினால் 13 வாரத்துக்குச் சரியாக வரும் எண்ணிக்கை அது. கிம் பாசிபிளும் அந்தக் கணக்குக்குள் முடிய வேண்டியிருந்தது. அதனால் 2005 ஏப்ரல் 8 அன்று ஒளிபரப்பான ‘சோ த டிராமா’ என்ற படத்தையே முடிவாக எழுதினார்கள்.

அந்தப் படத்தில் இரண்டு விஷயங்களைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பதின்வயதுப் பெண்ணின் பலவீனம் எது என்று ஆராயும் டிராக்கன், அழகான எரிக் என்ற பையனைச் செயற்கையாகச் செய்து கிம்மிடம் அனுப்புகிறான். கிம் அவனோடு சுற்றும்போது, ப்வேனோ நாச்சோ கடையில் வளையும் ஸ்ட்ராக்கள் திடீரென்று காணாமல் போனதை ரான் கவனிக்கிறான். கடை கைமாறிவிட்டது, ஏதோ சூழ்ச்சி நடக்கிறது என்று கத்துகிறான். யாரும் நம்பவில்லை, கிம்மும் நம்பவில்லை. அவன் சொன்னதுதான் சரி. சாப்பாட்டோடு இலவசமாகக் கொடுக்கப்பட்ட பொம்மைகள் எல்லாம் ஆயுதங்கள். இத்தனை நாள் வேடிக்கைக்காக வந்த ரானின் சாப்பாட்டுப் பைத்தியம் உலகத்தைக் காப்பாற்றும் துப்பாக மாறுகிறது. கடைசியில் டிராக்கனைத் தன் பெயரைச் சொல்ல வைக்கிறான் ரான். பள்ளி நடன விழாவில் கிம்மும் ரானும் சேர்கிறார்கள்.

ரசிகர்கள் விடவில்லை. தொடர்ந்து கேட்டு எழுதினார்கள். டிஸ்னி 22 அத்தியாயங்கள் கொண்ட நான்காம் சீசனுக்கு ஒப்புக்கொண்டது; 2007 பிப்ரவரி 10 அன்று அது தொடங்கியது. மொத்தம் 87 அத்தியாயங்களோடு, அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று ‘கிராஜுவேஷன்’ என்ற இரு பகுதி முடிவோடு நிறைவுற்றது.

காதலர்களான பிறகு தொடர் சுவை கெட்டுவிட்டதா?

இல்லை என்பது என் உறுதியான கருத்து. நண்பர்கள் காதலர்களானதும் ஊடல், பிரிவு, சந்தேகம் என்று இழுத்தடிக்கும் வழக்கத்துக்கு இவர்கள் போகவில்லை. பழையபடியே சேர்ந்து வேலைக்குப் போகிறார்கள்; பழையபடியே கேலி செய்கிறார்கள். ரானைச் சின்ன வயதிலிருந்து வளர்த்த பிள்ளைபோலப் பார்த்த கிம்மின் அப்பா மட்டும், என் மகளை அழவைத்தால் ராக்கெட்டில் ஏற்றிக் கருந்துளைக்கு அனுப்பிவிடுவேன் என்று புன்னகையோடு மிரட்டத் தொடங்குகிறார்.

கடைசி அத்தியாயத்தில் பட்டமளிப்பு நாளன்று வேற்றுக் கிரகவாசிகள் படையெடுக்கிறார்கள். கிம்மை ஏற்கனவே தூக்கிப்போய்விட்டார்கள். அவள் கல்லூரிக்குப் போய்விட்டால் தன் கதி என்ன என்று கலங்கிக் கிடந்த ரான், அவளைக் காக்க எழுந்து நிற்கிறான். டிராக்கன்கூட உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள் பக்கம் சேர்ந்து, பதக்கமும் வாங்குகிறான். கல்லூரிக் கூட்டத்தில் அவமானப்பட்டவனுக்கு உலகமே கைதட்டும் அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

எத்தனை வயதுப் பிள்ளைகள் பார்க்கலாம்?

ஏழு வயதிலிருந்து தாராளமாகப் பார்க்கலாம். சண்டை நிறைய உண்டு. ரத்தம் இல்லை, சாவு ஏறக்குறைய இல்லை. அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கில வசனத்தின் வேகம் பிடிபடாது. பையன்கள் பார்ப்பார்களா என்று கேட்கிறவர்களுக்கு: ரானும் ரூஃபஸும் இருக்கும்போது அந்தக் கவலையே வேண்டாம். உண்மையில், பெண் முன்னால் போக, பையன் துணையாகப் போவதை இருவருமே மிக இயல்பாக எடுத்துக்கொள்ளும் தொடர் என்பதால் பையன்களுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

குறைகளே இல்லையா?

இருக்கின்றன. ஸ்காட்லாந்துக்காரன் என்றால் கோல்ஃப், ஜப்பான் என்றால் நிஞ்ஜா, கீழைநாட்டுச் சிலை என்றால் மந்திர சக்தி என்று பிற நாடுகளை ஒரே முத்திரையால் அடையாளம் காட்டும் பழக்கம் தொடர் முழுக்க இருக்கிறது. அதை இன்று பார்க்கும்போது உறுத்துகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தால் அந்த இடங்களில் நிறுத்திப் பேசலாம். சியர்லீடர் போட்டி, உடை மோகம் பற்றிய சில அத்தியாயங்களும் சுமார்தான். கிம்மின் போட்டியாளரான போனியை இன்னும் ஆழமாக எழுதியிருக்கலாம்.

2019-ல் வந்த படம் எப்படி?

நடிகர்களை வைத்து எடுத்து 2019 பிப்ரவரி 15 அன்று டிஸ்னி சேனலில் ஒளிபரப்பினார்கள். கிம்மாக சேடி ஸ்டான்லி, ரானாக ஷான் ஜியம்ப்ரோனி. அசல் கிம்மான ரொமானோவும் ஒரு காட்சியில் வருகிறார். நடிகர்கள் உழைத்திருக்கிறார்கள். ஆனால் சில்வரின் கோடுகளுக்கு இருந்த வேகமும் வளைவும் மனித உடலுக்கு வராது. சண்டைகள் தயங்கித் தயங்கி நகர்கின்றன. கார்ட்டூனைப் பார்த்து முடித்தவர்கள் ஆர்வத்துக்காகப் பார்க்கலாம். இதிலிருந்து தொடங்காதீர்கள்.

புளோரிடாவில் கிம் பாசிபிள் விளையாட்டு இருந்ததாமே?

இருந்தது. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவில், பல நாடுகளின் அரங்குகள் வரிசையாக இருக்கும் பகுதியில் 2009 முதல் 2012 வரை நடந்தது. பார்வையாளர் கையில் கிம்மின் கருவியைப் போன்ற ஒரு கைபேசியைக் கொடுப்பார்கள். அதில் வரும் துப்புகளைப் பின்பற்றி அரங்குகளுக்குள் அலைந்து வில்லனைப் பிடிக்க வேண்டும். பிறகு அதை வேறொரு தொடரின் உளவாளியான பிளாட்டிபஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

எங்கே, எந்த வரிசையில் பார்ப்பது?

டிஸ்னி பிளஸ் தளத்தில் நான்கு சீசன்களும் இருக்கின்றன. முதலில் ‘கிரஷ்’. அடுத்து, கிம்மும் ரானும் உடல் மாறிப்போகும் ‘மைண்ட் கேம்ஸ்’; அவள் இடத்தில் அவனும் அவன் இடத்தில் அவளும் ஒரு நாள் வாழ்ந்து பார்ப்பதால் இருவரையும் சீக்கிரம் புரிந்துகொள்ளலாம். பிறகு ‘நம்பர் ஒன்’, ‘கோ டீம்’, ‘ரான் மில்லியனேர்’. காலப் பயணக் கதையான ‘எ சிட்ச் இன் டைம்’ மூன்று அத்தியாய நீளம். விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ‘சோ த டிராமா’வை நான்காம் சீசனுக்கு முன்பு கட்டாயம் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் எப்போது காதலர்களானார்கள் என்று குழம்புவீர்கள். ‘கிராஜுவேஷன்’ கடைசியில்தான். மற்ற அத்தியாயங்களைப் பிள்ளைகள் கைக்கு வந்தபடி தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றும் தனிக் கதை.